கமானியில் பிறந்த கத்தி

ஓர் அரம், லாரியின் உடைந்த வில்பட்டை, நடைபாதையில் ஓர் உலை. முதல் கத்தியைத் தன் கையாலேயே செய்துபார்க்க நினைப்பவருக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது காசில்லாமல் நடக்கும் அந்தச் சில விநாடிகள்தான்.

மேற்கு டெல்லியின் அகலமான சாலை ஒன்றின் ஓரம். மாலை ஆறரை மணி. தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் இந்த நேரத்துக்காகத்தான் இருவரும் காத்திருந்தார்கள். வெயிலில் சிவப்பெல்லாம் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். இருட்டத் தொடங்கினால்தான் காய்ந்த இரும்பின் நிறம் உண்மையைச் சொல்லும்.

தரையில் தோண்டிய சிறு குழியில் கரி கனன்றுகொண்டிருக்கிறது. கைச் சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதிக்கொண்டிருப்பவர் முக்காடிட்ட ஒரு பெண்மணி. குறடைப் பிடித்திருப்பவர் அவரது கணவர், அறுபதைத் தாண்டிய காடியா லோஹார். குறடின் பிடியில், கரிக்கு நடுவே, நாலு அங்குல நீளமுள்ள ஓர் அலகு. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் 26 வயது இளைஞர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுபவர். பன்னிரண்டு மாலைகள் அரத்தால் அராவி அவர் உண்டாக்கிய அலகு அது. அவர் பக்கத்தில் ஒரு நீளமான தகர டப்பா. அதில் பகோடாக் கடையிலிருந்து வாங்கி வடிகட்டிய, பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெய் இரண்டு லிட்டர்.

இது அவருடைய இரண்டாவது முயற்சி. முதல் அலகு பத்து வினாடிகூடத் தாங்கவில்லை.

கத்தி செய்ய ஆசைப்படுகிறவர்கள் இந்திய நகரங்களில் இன்று அபூர்வமல்ல. ஓய்வு நேரத்தில் புகைப்படம் எடுப்பவர்களையும் மாடித் தோட்டம் போடுபவர்களையும் போல, இரும்பைக் காய்ச்சி அடிக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலரை முதலில் தடுத்து நிறுத்துவது காசு. அராவும் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும் பெல்ட் கிரைண்டர் பல ஆயிரம் ரூபாய் கேட்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மின் உலை அதைவிட அதிகம். இறக்குமதியான உருக்குத் தகடு, ஆணிக்குப் பதில் வண்ண ஊசிகள், கைப்பிடிக்குப் பிசினேற்றிய மரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கணக்கு எழுதும் இந்த இளைஞர் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, கத்திக்கு உண்மையில் என்ன வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார்.

வேண்டியது முதலில் உருக்கு. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கட்டட வேலையில் மிஞ்சிய கம்பியும் ஜன்னல் கிராதிப் பட்டையும் பார்க்க இரும்புதான். ஆனால் அவற்றில் கரி குறைவு. சாதாரண மென் இரும்பில் கரியின் அளவு நூற்றில் கால் பங்கைத் தாண்டுவதில்லை. அதை எத்தனை தடவை பழுக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்கிற அளவுக்கு அது கெட்டிப்படாது. கத்திக்குக் குறைந்தது நூற்றில் அரைப் பங்கு கரியாவது வேண்டும். லாரியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிரும் வில்பட்டையில் அந்த அளவு இருக்கிறது. அதோடு சிலிக்கனும் மாங்கனீசும் சேர்ந்திருக்கும். இ.என்.45 என்று வியாபாரிகள் அழைக்கும் இந்த உருக்கு வளையும், எளிதில் முறியாது. வட இந்திய மெக்கானிக்குகளுக்கு இதன் பெயர் கமானி. வில் என்பதிலிருந்து வந்த சொல்.

இந்த ரகசியம் புதியதும் அல்ல. நேபாளத்துக் கொல்லர்கள் குக்ரி செய்வது பழைய லாரிப் பட்டைகளில்தான். பழுக்கக் காய்ச்சிய குக்ரியை அவர்கள் தண்ணீரில் முக்குவதில்லை. கெட்டிலிலிருந்து வெட்டுவாய் ஓரமாக மட்டும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். வாய் கெட்டிப்படுகிறது, முதுகு இளக்கமாகவே நிற்கிறது. பல வருட அனுபவம் உள்ள கை செய்யும் வித்தை அது. முதல் கத்தி செய்பவர் வியந்து பார்க்கலாம்; செய்துபார்க்கக் கூடாது.

வட இந்தியாவின் பெரிய ஊர்களில் எல்லாம் ஒரு டிரான்ஸ்போர்ட் நகர் இருக்கும். லாரிகள் வந்து நிற்கும் அந்தப் பேட்டைகளில் கமானி மிஸ்திரிகளின் கடைகள் வரிசையாக இருக்கும். உடைந்த பட்டைகள் அங்கே மூலையில் குவிந்து கிடக்கும், எடைக்கு விலை. நமது இளைஞர் முழங்கை நீளத் துண்டு ஒன்றை 90 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கும்போது அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உடைந்த பட்டை என்றால் அது ஏதோ ஓரிடத்தில் களைத்துப் போனது என்று அர்த்தம். உடைந்த வாய்க்கு அருகிலிருந்து துண்டு எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. பழைய இரும்பில் எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வாங்குவது நல்லது என்பதை டெல்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2010-ல் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு வந்த ஓர் ஆய்வுக்கூடக் கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அதைப் பிரித்ததில் கதிர்வீச்சு பட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

அவருக்குத் தெரியாதது வேறு. லாரிப் பட்டை கிட்டத்தட்ட பத்து மில்லிமீட்டர் தடிமன். சமையலறைக் கத்தியின் முதுகு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினாலே வெங்காயம் நறுங்காது, பிளக்கும். மேலும் வில்பட்டை தொழிற்சாலையிலேயே பதம் ஏற்றப்பட்டது. அதை அப்படியே அறுக்க உட்கார்ந்தவரின் ஹாக்ஸா பிளேடுகள் மூன்று மாலையில் மொட்டையாயின. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்து, அராவி, கத்தி போலவும் கோடரி போலவும் இருந்த ஒன்றை உருவாக்கினார். மொட்டை மாடியில் நாலு செங்கல் அடுக்கி, கரி போட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் காற்று ஊதினார். அலகு சிவந்தது. பக்கத்தில் வாளியில் தண்ணீர் தயாராக இருந்தது.

முக்கியதும் சுரீர் என்ற சத்தம். அதற்குள்ளேயே இன்னொரு சின்ன சத்தம், விரலைச் சொடுக்கியதுபோல. வெளியே எடுத்துப் பார்த்தபோது வெட்டுவாயிலிருந்து முதுகை நோக்கி முடி போன்ற ஒரு கோடு ஓடியிருந்தது. தரையில் தட்டியதும் இரண்டு துண்டு.

தப்பு எங்கே? தண்ணீரில்தான். பழுத்த உருக்கைச் சட்டென்று குளிரவைக்கும்போது அதன் உள்கட்டமைப்பே மாறுகிறது. அதில் மாட்டிக்கொண்ட கரிதான் கடினத்தைக் கொடுக்கிறது. ஆனால் எவ்வளவு வேகமாகக் குளிரவேண்டும் என்பது உருக்குக்கு உருக்கு வேறு. வில்பட்டைக்கு எண்ணெயின் நிதானமே போதும். தண்ணீர் வெளிப்பக்கத்தை இறுக்கிவிடுகிறது. உள்ளே இன்னும் சூடு. உள்ளும் புறமும் இழுத்துக்கொள்ளும் சண்டையில் அலகு பிளக்கிறது. தடிமன் கூடக்கூடச் சண்டையும் கூடும்.

உடைந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போகும் வழியில் அவர் நின்ற இடம்தான் இந்த நடைபாதை.

காடியா லோஹார்களின் கதை டெல்லிவாசிகளுக்குப் பாதிதான் தெரியும். மாட்டுவண்டியே வீடாக ஊர் ஊராகப் போய் இரும்படித்த ராஜஸ்தானத்துக் கொல்லர்கள் இவர்கள். மேவார் ராணாக்களுக்கு ஆயுதம் செய்தவர்கள் தம் முன்னோர் என்பது இவர்களது நம்பிக்கை. 1568-ல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் விழுந்தபோது, அது மீட்கப்படும்வரை கூரையின் கீழ் வாழ்வதில்லை, கட்டிலில் படுப்பதில்லை, இரவில் விளக்கேற்றுவதில்லை என்று சபதம் எடுத்ததாகச் சொல்கிறார்கள். நாடு விடுதலை பெற்றபின், 1955-ல் பிரதமர் நேரு சித்தூர்க் கோட்டைக்குள் இவர்களை அழைத்துச் சென்றார். சபதம் முடிந்தது என்பது பொருள். கூரை எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்பது பொருளல்ல. டெல்லியின் சாலையோரங்களில் தலைமுறைகளாகத் தங்கியிருப்பவர்களின் வண்டிகள் பல நகர்வதையே மறந்துவிட்டன. தவா, சிம்டா, கரண்டி, களைக்கொட்டு, உளி என்று அடித்துப் பரப்பி வைக்கிறார்கள். இவற்றையெல்லாம் இன்று தொழிற்சாலைகளே மலிவாகச் செய்து தள்ளிவிடுகின்றன. நடைபாதையைக் காலி செய்யச் சொல்லும் நகர நிர்வாகத்தின் மிரட்டல் தனி.

லோஹார் உடைந்த துண்டைக் கையில் வாங்கி, உடைந்த வாயைச் சூரியனுக்குக் காட்டிப் பார்த்தார். முறிவில் பெரிய பெரிய மணிகளாகச் சர்க்கரை போல மினுங்கியது. இதை அதிகமாகவும் காய்ச்சியிருக்கிறாய் பேட்டா, என்றார். தேவைக்கு மேல் சூடேறினால் உருக்கின் மணி பெருத்துவிடும், பெருத்தால் பலம் போய்விடும். ஒரு பார்வையில் இரண்டாவது தப்பையும் கண்டுபிடித்துவிட்ட மனிதரிடம் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கும் என்று அந்த இளைஞர் முடிவுகட்டியதில் ஆச்சரியமில்லை. மீதிப் பட்டையை மறுநாள் கொண்டுவந்தார்.

பத்து மில்லிமீட்டரை நாலாகக் குறைத்தது இயந்திரமல்ல. லோஹார் குடும்பங்களில் சம்மட்டி பெண்கள் கையில். கணவர் குறடால் இரும்பைத் திருப்பிக் கொடுக்கிறார், சின்னச் சுத்தியலால் இடத்தைத் தட்டிக் காட்டுகிறார்; மனைவி அதே இடத்தில் சம்மட்டியை இறக்குகிறார். நாலைந்து முறை காய்ச்சி அடித்ததில் பட்டை தகடானது. பிறகு அதை இன்னொரு முறை சிவக்கக் காய்ச்சி, சாம்பல் குவியலுக்குள் புதைத்து விட்டுவிட்டார்கள். ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல ஆறிய இரும்பு காலையில் அரத்துக்கு இணங்கியது. மூன்று பிளேடுகளை விழுங்கிய அதே பட்டைதான் இது. இந்த ஒரு வேலைக்காகவே லோஹாரிடம் போகலாம்.

அதன்பின் அரம். நல்ல அரத்தில் காசைப் போடுவதில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. சொரசொரப்பானது ஒன்று, நைசானது ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து 520 ரூபாய். அவரது செலவில் பெரும் பங்கு இதுதான். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் வீணாகத் தேயும். பற்களில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் தூள் அடைத்துக்கொண்டு அலகைக் கீறாது. வெட்டுவாயின் நடுக்கோட்டைப் போட ஓர் எளிய தந்திரம் உண்டு. மூன்று மில்லிமீட்டர் தகட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் துளையிடும் பிட்டை எடுத்து, இரண்டையும் சமதளத்தில் படுக்கவைத்து பிட்டின் கூரால் கீறினால் கோடு தானாக நடுவில் விழும். இரண்டு பக்கமும் அந்தக் கோடுவரை அராவினால் போதும், கூர் ஒருபக்கம் கோணிக்கொண்டு போகாது.

ஆனால் கூராக்கிவிடக்கூடாது. தோய்ச்சலுக்குப் போகும் அலகின் வாய் வங்கி அட்டையின் தடிமனில் இருக்க வேண்டும். அதைவிட மெல்லியதாக இருந்தால் எண்ணெயில் நெளியும், அல்லது விரியும். கைப்பிடிக்குள் போகும் காம்பில் ஆணிக்கான துளைகளையும் முன்பே போட்டுவிட வேண்டும். கெட்டிப்பட்ட உருக்கில் சாதாரண பிட் இறங்காது. முதல் கத்தி செய்யும் பலர் இதை மறந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். வெல்டிங் கடையில் இரண்டு துளைக்கு 40 ரூபாய் ஆயிற்று.

அலகை நாலு அங்குலத்தோடு நிறுத்தியது வேலையைச் சுருக்கத்தான் என்றாலும், சட்டமும் நினைவில் இருக்க வேண்டிய விஷயம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை ஆயுதச் சட்டத்தின் விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் 1980-ல் வந்த அறிவிப்பு ஒன்று, பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்திகளை, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. மடக்குக் கத்தியில் தொடங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. சமையலறைக் கத்தியை யாரும் கேட்கப்போவதில்லை. அதையே இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் கேட்பார்கள்.

இனி மீண்டும் அந்த மாலை. இருள் கூடியிருக்கிறது. அலகு கறுப்பிலிருந்து மங்கிய சிவப்புக்கும், அங்கிருந்து செர்ரிப் பழ நிறத்துக்கும் போகிறது. லோஹாருக்குக் கண்ணே போதும். இளைஞர் மட்டும் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கையில் வைத்திருக்கிறார். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாமல் போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வில்பட்டைக்கு அதற்கு மேலும் கொஞ்சம், 850 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். காந்தத்தால் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒட்டவில்லை. மறுபடி கரிக்குள். முனை மெல்லியது, சீக்கிரம் சூடேறும் என்பதால் லோஹார் அலகை முன்னும் பின்னும் நகர்த்தி முழு நீளத்தையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருகிறார். பெண்மணி சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கிறார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன.

எண்ணெயை முன்கூட்டியே கை பொறுக்கும் சூட்டுக்கு மேலாகச் சற்று இளஞ்சூடாக்கி வைத்திருந்தார்கள். குளிர்ந்த எண்ணெயைவிட இளஞ்சூடான எண்ணெய் வேகமாக வெப்பத்தை இழுக்கும் என்பது புதிதாகக் கேட்பவர்களுக்கு விசித்திரம்தான். அது இளகி, அலகைச் சுற்றித் தாராளமாக ஓடுவதால் அப்படி. கத்தி வெளியே வருகிறது, நேர்கீழாக டப்பாவுக்குள் இறங்குகிறது. ஒருகணம் நெருப்பு மேலே எழுகிறது. பக்கத்தில் மூடி தயார், ஆனால் தேவைப்படவில்லை. பக்கவாட்டில் ஆட்டாமல், மேலும் கீழும் மட்டும். எட்டு, ஒன்பது, பத்து. அந்தச் சின்னச் சொடுக்கு கேட்கிறதா என்று இளைஞர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

கேட்கவில்லை.

வெளியே எடுத்து, துடைத்து, அரத்தை வாயில் வைத்துத் தள்ளுகிறார். பன்னிரண்டு மாலை அவருக்குக் கட்டுப்பட்ட அதே இரும்பின்மேல் அரம் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகிறது. கடினமாகிவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நூல் அளவு கோணல். சூடு அடங்குவதற்குள் லோஹார் அதை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி நேராக்கிவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் அதே அழுத்தத்தில் முறிந்திருக்கும்.

ஐரோப்பாவின் பெரிய மூளைகளையும் ஒரு காலத்தில் இந்த மர்மம் தூங்கவிடவில்லை. தென்னிந்தியாவின் மூசை உலைகளிலிருந்து போன உருக்கை அவர்கள் வூட்ஸ் என்றார்கள். கன்னடத்து உக்கு, தமிழின் உருக்கு எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். அதைப் பகுத்தாய்ந்து 1819-ல் கட்டுரை எழுதியவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தால் பெயர் பெற்ற அதே பாரடேதான். அவர் ஒரு கொல்லரின் மகன். அந்த ஆய்வில் அவருக்குத் துணைநின்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கத்தி செய்யும் தொழிலாளர்.

தோய்ச்சல் கொடுத்த கத்தி இன்னும் கத்தியல்ல. கண்ணாடி போலக் கடினம், கண்ணாடி போலவே நொறுங்கும். கீழே விழுந்தால் போச்சு. சும்மா வைத்திருந்தாலே சில சமயம் தானாக விரியும் என்பதால் அன்றைக்கே பதம் இறக்க வேண்டும். இளைஞர் பக்கத்து வீட்டு மின் அடுப்பை இரவல் வாங்கினார். கேக் செய்யும் அடுப்பு, 200 டிகிரி, ஒரு மணி நேரம். ஆறவிட்டு இன்னொரு மணி நேரம். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் இளம் வைக்கோல் நிறம் படர்ந்தது. அடுப்பு கிடைக்காதவர்கள் இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி அதன்மேல் வைத்து இதே நிறத்தைப் பார்க்கலாம். வைக்கோல் பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகிவிட்டால் கூர் நிற்காது. நீலம் ஸ்பிரிங்குக்கு உரிய நிறம். வந்த இடத்துக்கே பட்டை திரும்பிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்றவை சில்லறை வேலைகள். கீர்த்தி நகர் மரச்சாமான் கடை ஒன்றில் குப்பைக்குப் போகவிருந்த சீசம் துண்டு இலவசம். பித்தளைக் கம்பி, பசை, உப்புத்தாள். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மூன்று நாள் தேய்த்ததில் கைப்பிடி கறுத்த தேன் நிறத்துக்கு வந்தது. சாணைக்கல்லில் பிடிக்கும்போது அவசரப்பட்டு சூடேற்றாமல், நிமிடத்துக்கொரு முறை தண்ணீரில் நனைத்தார். இங்கே ஓர் ஓரம் நீலம் பாய்ந்தாலும் அதுவரை பட்ட பாடு வீண். கணக்கு எழுதுபவரல்லவா, செலவையும் எழுதி வைத்திருந்தார். உடைந்த முதல் கத்தியும் சேர்த்து மொத்தம் 1,350 ரூபாய். அதில் 350 லோஹாருக்கு. கடையில் 100 ரூபாய்க்கு நல்ல துருப்பிடிக்காத கத்தி கிடைக்கும் என்று அவரது அறைத் தோழர் ஞாபகப்படுத்தினார். உண்மைதான். இந்தக் கத்தி எலுமிச்சம்பழம் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் மறுநாள் காலை துருப்பிடிக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நடைபாதைக்குப் போனார். லோஹார் வாங்கி, கட்டைவிரல் நகத்தின்மேல் வாயை வைத்துச் சாய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. முதுகில் ஓரிடத்தில் சுத்தியல் தழும்பு போகாமல் இருந்ததை விரலால் தடவி, இன்னும் அராவியிருக்கலாம் என்றார். பிறகு மனைவியிடம் நீட்டினார். அவர் இரவுச் சமையலுக்கு வைத்திருந்த முள்ளங்கியை எடுத்து மெல்லிசாக நாலு வில்லை போட்டார். கத்தியைத் திருப்பிக் கொடுக்கும்போது வலது தோளைத் தேய்த்துக்கொண்டே, அடுத்த தடவை ஜீப் கமானியாகப் பார்த்து எடுத்து வா பேட்டா, லாரியுடையது ரொம்பத் தடிமன் என்றார்.